காலுக்கடியில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தால் என்ன லாபம்? நிலவியலும் அன்றாட வாழ்வும் – விவாத இழை

#1 | மண்மேடு (இழை தொடங்கியவர்)

நிலவியல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கல்லின் பெயர்ப் பட்டியல், புதைபடிவம், சுரங்கம், எரிமலை. பாடம் முடிந்ததும் மறந்துவிடுகிற துறை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கே துறைக்காரர்கள் பலர் இருப்பதால் நேரடியாகவே கேட்கிறேன். வீடு கட்டுகிறவர், போர் போடுகிறவர், சரிவில் மனை வாங்குகிறவர், தினமும் நிலத்தடி நீர் குடிக்கிறவர் – இவர்களுக்கு நிலவியலிலிருந்து நாளைக்கே கைகொடுக்கக்கூடியது என்ன? "மிக முக்கியமான துறை" என்ற அளவில் நிறுத்தாமல், எதைப் பார்ப்பது, எப்படிச் சோதிப்பது, தவறினால் என்ன நடக்கும் என்று எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

#2 | கருங்கல்

ஒரு டம்ளர் தண்ணீரில் இருந்து தொடங்கலாம்.

அஸ்திவாரம் வரப்போகிற ஆழத்திலிருந்து (மேல்மண்ணிலிருந்து இல்லை) கைக்கடக்கமான ஒரு கட்டியை எடுங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி மெதுவாக உள்ளே இறக்குங்கள். முதல் 10 நிமிடம், பிறகு 1 மணி நேரம், பிறகு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். சில கட்டிகள் குமிழி விட்டுக்கொண்டே 10 நிமிடத்தில் சரிந்து கூம்பாகக் குவிந்துவிடும். அப்படியானால் அந்த மண்ணையோ பாறையையோ பிடித்து வைத்திருந்தது களிமண்ணும் வறட்சியும்தான். வெட்டும்போது கடப்பாரைக்கே மசியாமல் கெட்டியாக இருந்திருக்கும், ஆனால் நனைந்தால் ஒன்றும் மிஞ்சாது. இப்படிப்பட்ட இடத்தில் குழி தோண்டிய அன்றே அடியில் 5 முதல் 7.5 செ.மீ. பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு மூடிவிட வேண்டும். ஓர் இரவு மழை போதும், மேல் 10 செ.மீ. சேறாகிவிடும். அந்தச் சேற்றின் மேலேயே கம்பி கட்டி கான்கிரீட் போடுவது பரவலாக நடக்கிற தவறு.

இந்த டம்ளர் சோதனைக்குப் பின்னால் பெரிய துயரம் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவை ஒட்டி உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அணையின் மேற்குக் கரை செந்நிறக் கூழாங்கல் திரள்பாறை. அதிலிருந்து எடுத்த துண்டைப் பிற்பாடு தண்ணீரில் போட்டபோது, ஒரு மணி நேரத்துக்குள் சொரசொரப்பான வண்டலாகக் கரைந்தது. உடைப்பு தொடங்கியது எதிர்க்கரையில், சிஸ்ட் (தகடு தகடாகப் பிரியும்) பாறையில் அசையாமல் கிடந்த பழைய நிலச்சரிவில் என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆக இரண்டு கரையுமே சரியில்லை.

#3 | தூண்_பீம்

கட்டுமானப் பொறியாளர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. மண் எப்படி இருந்தாலும் அதற்கேற்ற அஸ்திவாரம் உண்டு: தனி ஃபுட்டிங் (தூணுக்குத் தூண் தனிப் பாதம்), ராஃப்ட் (வீடு முழுமைக்கும் ஒரே தளம்), பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் கம்பம்). முடிவெடுக்கத் தேவையான எண்களை எஸ்.பி.டி. சோதனை (மண்ணின் இறுக்கத்தை அளப்பது) தருகிறது. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும், மாதிரிக்குழாய் மண்ணுக்குள் 45 செ.மீ. இறங்கும், முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு அடுத்த 30 செ.மீ.க்கு எத்தனை அடி என்பதுதான் N. மணலில் 10க்குக் கீழே என்றால் தளர்வு, களிமண்ணில் 4க்குக் கீழே என்றால் மென்மை. அது எந்தக் காலத்து மண், எந்த நதி கொண்டுவந்தது என்பதெல்லாம் தெரியாமலே டிசைன் நடக்கத்தான் செய்கிறது.

#4 | கருங்கல்

//எந்தக் காலத்து மண், எந்த நதி கொண்டுவந்தது என்பதெல்லாம் தெரியாமலே டிசைன் நடக்கத்தான் செய்கிறது//

நடக்கிறது, மறுக்கவில்லை. அந்த எண் ஏமாற்றும் இடங்களைச் சொல்கிறேன்.

கிரானைட், நைஸ் (கிரானைட் போன்ற, பட்டை பட்டையான பாறை) பகுதிகளில் பாறை மேலிருந்து ஒரே சீராகச் சிதைவதில்லை. வெடிப்புகள் வழியே நீர் இறங்கி, ஓரங்களைத் தின்று, நடுவில் உருண்டைப் பாறைகளை மிச்சம் வைக்கும். சுற்றிலும் பொலபொலவென்ற மண், நடுவே லாரி அளவுக்குக் கல். துளைக்கருவி அந்த உருண்டையின் தலையில் பட்டதும் "பாறை வந்துவிட்டது" என்று அறிக்கையில் எழுதி நிறுத்திவிடுவார்கள். இரண்டு மீட்டருக்குக் கீழே மறுபடி மண் இருக்கும். ஒரு தூண் கல்லின் மேல், அடுத்த தூண் மண்ணின் மேல் என்று அமையும். அதனால் பாறை தட்டியதும் நிறுத்தாமல் குறைந்தது 3 மீட்டர் பாறைக்குள் துளைத்து, கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்த கோரில் 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்தால் ஆர்.க்யூ.டி. (பாறையின் தரத்தைச் சொல்லும் சதவீதம்) வரும். 90 சதவீதத்துக்கு மேல் மிக நல்ல பாறை. 25க்குக் கீழே என்றால் பாறை என்று பெயர்தான்.

கரிசல் போன்ற விரியும் களிமண்ணில் கதையே வேறு. கோடையில் அது காய்ந்து இறுகியிருக்கும்போது எஸ்.பி.டி. எடுத்தால் N நன்றாகவே வரும். மழை பெய்ததும் அதே மண் வீங்கித் தரையைத் தூக்கும். எந்த மாதத்தில் சோதித்தார்கள், அந்தக் களிமண் எந்தப் பாறை சிதைந்து வந்தது என்று கேட்கத் தெரியாதவரிடம் அந்த எண் தவறான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

#5 | தூண்_பீம்

கோடை N பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, ஏற்கிறேன். விரியும் களிமண்ணுக்கு எங்கள் பக்கத்து நடைமுறையை முழுதாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சிறிய வீடுகளில் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

சோதனை எளிது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, அடுப்பில் உலர்த்திய மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். கிளறிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. தண்ணீரில் 18 மி.லி., மண்ணெண்ணெயில் 10 மி.லி. என்று நின்றால் வித்தியாசம் 8. 10க்கு 8 என்றால் 80 சதவீத வீக்கம். 50ஐத் தாண்டினாலே கவனம் தேவை. 100ஐத் தாண்டினால் சாதாரண ஆழமில்லாத ஃபுட்டிங்கை மறந்துவிடுங்கள்.

மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் மேலடுக்கு பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர் வரை போகும். அதற்குக் கீழே பிடித்து நிற்பதற்குத்தான் அண்டர்-ரீம் பைல். அடியில் தண்டின் விட்டத்தைப்போல 2.5 மடங்கு அகலமான குமிழ் இருக்கும். மேல் மண் வீங்கி மேலே இழுத்தாலும் அந்தக் குமிழ் நங்கூரம்போலப் பிடித்துக்கொள்ளும். பைலைச் சரியாகப் போட்டுவிட்டு, பிளின்த் பீமை (சுவரைத் தாங்கும் தரைமட்ட உத்திரம்) நேராக மண்ணின் மேல் வார்த்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. மண் வீங்கும்போது பீமைத் தூக்கும், பைல் தடுக்கும், நடுவில் பீம் வெடிக்கும். பீமுக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 8 செ.மீ. வெற்றிடம் விட வேண்டும்.

அதோடு வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சாயும்படி 1.5 மீட்டர் அகலத்துக்குத் தளம், சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கூடாது, கசியும் குழாயை அன்றே சரிசெய்வது. மழைநீரை விட, ஒரே மூலையில் மாதக்கணக்கில் சொட்டும் குழாய்தான் அதிகம் கெடுக்கும். ஒரு பக்கம் மட்டும் வீங்குவதால் வீடு சமமாக எழும்பாமல் முறுகுகிறது.

விரிசலைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே அகலமாக, கீழே ஒடுங்கியிருந்தால் வீட்டின் ஓரங்கள் இறங்குகின்றன அல்லது நடு எழும்புகிறது. கீழே அகலமாக இருந்தால் நடு இறங்குகிறது. விரிசலின் இரு புறமும் பென்சிலால் புள்ளி வைத்து, தேதி எழுதி, மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் மூடிக் கோடையில் திறந்தால் விரியும் களிமண். ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனால் அமிழ்வு. ஆறு மாத அளவு கையில் இல்லாமல் சிமென்ட் பூசி மூடுவது வீண் செலவு. பொதுவான கணக்கு: 6 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தூண்களில் ஒன்று மற்றதை விட 2 செ.மீ. கூடுதலாக இறங்கினால் சுவர் வெடிக்கத் தொடங்கும். 4 செ.மீ. ஆனால் சட்டகத்துக்கே ஆபத்து.

#6 | மண்மேடு

இந்த அளவுக்கு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, இருவருக்கும் நன்றி. தண்ணீர்ப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்து மனையில் போட்ட போரில் நீர் பீறிடுகிறது, 15 மீட்டர் தள்ளிப் போட்டால் வெறும் புழுதி. ஏன்?

#7 | ஊற்றுக்கண்

பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் ஏரிபோலப் பரந்து கிடப்பதில்லை. உடையாத கிரானைட்டுக்குள் நீர் நிற்க இடமே கிடையாது. நீர் நிற்பது இரண்டே இடங்களில்: மேலே சிதைந்த பாறை அடுக்கு (கடற்பஞ்சு மாதிரி, சேமிப்பு அங்கேதான்), அதற்குக் கீழே வெடிப்புகள் (குழாய் மாதிரி, கொண்டுவந்து சேர்ப்பது அவை). வெடிப்பு சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும், செங்குத்தாகவோ சாய்வாகவோ ஓடும். 15 மீட்டர் தள்ளினால் தவறிப்போவது இயல்பு. அந்த வெடிப்பு மேலே உள்ள சிதைந்த அடுக்கோடு இணைந்திருக்கிறதா என்பதே அடுத்த கோடையில் தண்ணீர் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

நீர் இருக்கும் இடம் பார்க்கச் செய்யும் மின்தடைச் சோதனை (நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று ஓம்-மீட்டர் அலகில் அளப்பது) பற்றி. நான்கு கம்பிகளை நட்டு, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் மின்னழுத்தம் அளப்பது. ஈரமான சிதைந்த பாறை சில பத்து ஓம்-மீட்டரிலிருந்து நூறு சொச்சம் வரை காட்டும். உடையாத கிரானைட் ஆயிரத்தைத் தாண்டும். களிமண்ணும் உப்புநீரும் 10க்குக் கீழே போகும். அதனால் "எண் குறைவு, ஆகவே நீர் இருக்கிறது" என்று மட்டும் சொல்பவரை நம்ப வேண்டாம். களிமண்ணாக இருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு சொட்டுகூட வராது. இன்னொன்று, 100 மீட்டர் ஆழம் தெரிய வேண்டுமானால் வெளிக்கம்பிகளுக்கு இடையே 300, 400 மீட்டராவது நீட்ட வேண்டும். 20 மீட்டர் மனைக்குள்ளேயே கம்பி நட்டு 100 மீட்டர் ஆழத்தைச் சொல்கிறார் என்றால் அவர் அளந்து சொல்லவில்லை. மின்கம்பி வேலி, புதைந்த இரும்புக்குழாய் பக்கத்தில் எடுத்த அளவும் கெட்டுப்போகும்.

துளைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு கைப்பிடித் தூள் எடுத்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கென்ற சாம்பல் நிறத் தூள் என்றால் உடையாத பாறை. அதற்கு நடுவே திடீரென்று பழுப்பு, துருநிறச் சில்லுகள் வந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது, நீர் ஓடி இரும்பை ஆக்சிஜனேற்றியிருக்கிறது. அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரை எங்கே இறக்குவது என்பதற்கு அதுதான் ஆதாரம். நீர் வரும் முக்கியமான வெடிப்புக்குக் கீழே நீர்மட்டம் போய்விடாதபடி ஓட்டினால், வெடிப்பின் வாயில் காற்றுப் பட்டு இரும்புப் படிவு அடைப்பது குறையும்.

கேசிங் குழாய் (துளையின் மேல்பகுதி சரியாமல் காப்பது): உடையாத பாறைக்குள் குறைந்தது ஒரு மீட்டராவது இறங்கி அமர வேண்டும். காசை மிச்சம்பிடிக்கச் சிதைந்த அடுக்கிலேயே நிறுத்தினால் கீழ்விளிம்பில் மண் சரிந்து, மோட்டார் மணலில் புதையும். குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே மேல்பகுதியில் சிமென்ட் கூழ் நிரப்பவில்லை என்றால் மேற்பரப்பு அழுக்குநீரும் கழிவுத்தொட்டி நீரும் நேராக உள்ளே இறங்கும்.

கடைசியாக, மிகப் பெரிய ஏமாற்றம். கம்ப்ரஸர் காற்றில் பீறிட்டு வருவதைப் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று மகிழ்ந்துவிடுகிறோம். 165 மி.மீ. துளையில் ஒரு மீட்டருக்கு சுமார் 21 லிட்டர் நிற்கும். 100 மீட்டர் நீர் நின்றால் 2,100 லிட்டர். நொடிக்கு 1 லிட்டர் இழுக்கும் மோட்டார் போட்டால் முதல் 35 நிமிடம் வருவது குழிக்குள் நின்ற நீர் மட்டுமே. அதற்குப் பிறகு வருவதுதான் நிலம் தருவது. ஆகவே நான்கு ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து இறைத்து, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, நிறுத்தியபின் மட்டம் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்றும் பாருங்கள். இறைத்த நேரத்தை விட ஏறும் நேரம் பல மடங்கு என்றால் மோட்டாரின் அளவைக் குறைக்க வேண்டும்.

#8 | மணல்திட்டு

குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர்கள் சொன்ன இடத்திலும் தண்ணீர் வரத்தானே செய்கிறது?

#9 | ஊற்றுக்கண்

ஆற்று வண்டல் சமவெளியில் எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் நீர் உண்டு. அங்கே யார் எந்த இடத்தைக் காட்டினாலும் பலிக்கும். வெடிப்புப் பாறைப் பகுதியில் தோற்ற குழிகளையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும். தோற்றவற்றை யாரும் பேசுவதில்லை.

நீர் கிடைத்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. அது எந்தக் கல்லின் வழியே வந்தது என்பதை நம் பல்லும் எலும்பும் அறியும். கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள பயோட்டைட், அபட்டைட், ஃபுளோரைட் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைக் கால்சியம் ஃபுளோரைடாகப் பிடித்து வைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான் அது உயரும். அதாவது சோப்பு நன்றாக நுரைக்கிற, "இனிப்பான தண்ணீர்" என்று நாம் பாராட்டுகிற நீரில்தான் ஃபுளோரைடு மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. கொதிக்க வைத்தால் குறையாது, நீர் ஆவியாகிச் செறிவு கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் படிய வைப்பது, ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளோரைடை ஒட்டிப் பிடிக்கும் வடிகட்டித் துகள்), ஆர்.ஓ. இவைதான் வழி.

ஆர்சனிக் இன்னும் கொடியது. வரம்பு 0.01 மி.கி. வங்கதேசத்தில் கிருமி கலந்த குளத்து நீருக்கு மாற்றாக லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் ஆற்று வண்டலில் இரும்பு ஆக்சைடு போர்த்திய மணல்துகள்களில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. புதைந்த தாவர மக்கு ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிட்ட அடுக்கில் அந்த இரும்பு கரைந்து, ஆர்சனிக்கையும் நீரில் விட்டது. கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூச வேண்டியதாயிற்று. ஆழமான, பழைய அடுக்குகளை எட்டும் கிணறுகளில் பெரும்பாலும் ஆர்சனிக் குறைவு. கிணற்றை எந்த அடுக்கில் நிறுத்துவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட முடிவு.

மாதிரி எடுக்கும்போது: மோட்டாரை ஓட்டி, குழியில் நின்ற நீர் முழுக்க வெளியேறிய பிறகு பிடியுங்கள். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் கூடாது, பிளாஸ்டிக். ஆர்சனிக்குக்கு ஆய்வகம் தரும் அமிலம் இட்ட தனி பாட்டில் வேண்டும். அமிலம் இல்லாவிட்டால் இரும்பு துருவாகப் படியும்போது ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும், மேல்நீரைச் சோதித்தால் "பாதுகாப்பு" என்று பொய்யாக வரும்.

கடலோரக்காரர்களுக்கு ஒரு வரி: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே ஒரு மீட்டர் இறக்கினால் கீழே எல்லை 40 மீட்டர் ஏறி வரும்.

#10 | சரிவுநிலம்

மலைச்சரிவு பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. சரிவில் எதிரி மண் இல்லை, மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர்.

3 மீட்டர் உயரத் தாங்கு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உலர்ந்த மணற்பாங்கான மண் என்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தள்ளுவிசை சுமார் 2.7 டன். வடிகால் இல்லாமல் தண்ணீர் முழு உயரத்துக்கு நின்றால் தண்ணீர் மட்டுமே 4.5 டன் தள்ளும். நனைந்த மண்ணின் பங்கையும் சேர்த்தால் 6 டன். சுவரை வலுவாகக் கட்டுவதை விடத் தண்ணீரை வெளியேற்றுவதுதான் மலிவு. சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி, 7.5 செ.மீ. குழாய்களை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைத்து வெளிப்பக்கம் சாய்வாக. கெடுவது எப்படி என்றால், ஜல்லி இல்லாமல் தோண்டிய களிமண்ணையே திருப்பிக் கொட்டுவது, அல்லது பூச்சு வேலையில் குழாய் வாயை மூடிவிடுவது. நல்ல மழையில் குழாய் எதிலும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், அடைத்திருக்கிறது.

பாறை வெட்டும்போது அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சாலைக்கோ வீட்டுக்கோ எதிர்ப்பக்கமாக, மலைக்குள் சாய்ந்தால் ஓரளவு நிம்மதி. வெட்டிய பக்கமாகவே சாய்ந்து, நடுவில் களிமண் படலமும் இருந்தால், சீட்டுக்கட்டைச் சாய்த்து அடிச்சீட்டின் முனையை வெட்டியது போல. மழைக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தாலியின் வயோன்ட் அணையில் 1963 அக்டோபர் 9 அன்று இதன் பெரிய வடிவம் நடந்தது. சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையே மெல்லிய களிமண், நீர்த்தேக்கத்தை நோக்கிய சாய்வு, பழைய சரிவின் தடம். 26 கோடி கன மீட்டருக்கும் மேல் மலை நழுவி நீரில் விழ, எழுந்த அலை அணையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் சுமார் 2,000 பேரைக் கொன்றது. 260 மீட்டர் உயர அணை இன்றும் நிற்கிறது. கான்கிரீட்டில் ஒரு பிழையும் இல்லை.

வேல்ஸில் 1966 அக்டோபர் 21, அபர்ஃபான். நிலக்கரிக் கழிவை ஊற்று கசியும் மலைச்சரிவில் குவித்திருந்தார்கள். அந்த ஊற்றுகள் வரைபடத்திலேயே இருந்தன. குவியல் நனைந்து குழம்பாகி இறங்கி, பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர், அதில் 116 குழந்தைகள். வரைபடத்தில் இருந்த ஒரு குறியை யாரும் மதிக்கவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

சரிவில் மனை பார்க்கும்போது கவனிக்க வேண்டிய ஆபத்து அறிகுறிகள்: அடிமரம் வளைந்து பிறகு நிமிர்ந்த மரங்கள், பிறை வடிவ விரிசல், சாய்ந்த கம்பங்கள், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, அடிவாரத்தில் புடைத்த மண். தெளிந்து வந்த ஊற்று மழையின்போது கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றாலோ உடனே வெளியேற வேண்டும்.

#11 | மணல்திட்டு

இங்கே சொன்ன எல்லாமே ஆபத்துப் பக்கம். பொருள்களின் பக்கத்தையும் ஒரு வரி பதிவு செய்கிறேன். இன்று வெட்டப்படும் செம்புத் தாதுவில் செம்பு பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. 0.5 சதவீதத் தாது என்றால் ஒரு கிலோ செம்புக் கம்பிக்கு 200 கிலோ பாறையை அரைக்க வேண்டும், மேலே நீக்கிய வீண் பாறை தனி. உரத்தில் உள்ள பாஸ்பரசுக்கு மாற்றே கிடையாது, அது பாஸ்பேட் பாறையிலிருந்து வருகிறது, அந்தப் பாறை இருப்பில் பெரும்பங்கு மொராக்கோவில்.

#12 | தூண்_பீம்

பொருள் என்றதும் ஜல்லி நினைவுக்கு வருகிறது. கான்கிரீட்டில் முக்கால் பங்கு கல்தான், அந்தக் கல் என்ன என்று கேட்பவர் குறைவு. ஓபல், செர்ட் போன்ற, சரியாகப் படிகமாகாத சிலிக்கா உள்ள ஜல்லி சிமென்டின் காரத்தோடு வினைபுரிந்து கூழாகும், ஈரத்தை உறிஞ்சி வீங்கும். 1940இல் தாமஸ் ஸ்டான்டன் கலிஃபோர்னியாவில் இதைக் கண்டறிந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்: வறண்ட குளத்தின் தரைபோல வலைப்பின்னல் விரிசல், அதில் வெண்கூழ். அதற்குப் பிறகு மருந்து இல்லை. முன்பே தடுக்கலாம். ஜல்லியை அரைத்துச் செய்த சிமென்ட் சாந்துத் துண்டை 80 டிகிரி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 14 நாள் வைத்து நீளம் அளப்பார்கள். 0.1 சதவீதத்துக்குள் நீண்டால் பயமில்லை, 0.2ஐத் தாண்டினால் கெடுதல். வேறு ஜல்லி கிடைக்காவிட்டால் சிமென்டில் 25 சதவீத அளவுக்கு ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்து சமாளிக்கலாம்.

தரைக்கு அடியில் நிரப்பும் கல்லில் பொன்போல மின்னும் பைரைட் இருந்தால் அதுவும் கூடாது. காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலமாகி, சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி வீங்கித் தரையைத் தூக்கும். அயர்லாந்தில் ஏராளமான வீடுகள் இப்படித்தான் பழுதாயின.

@கருங்கல் – நிலநடுக்கம் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, அதை நீங்களே எழுதுங்கள்.

#13 | கருங்கல்

சுருக்கமாகவே சொல்கிறேன். 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தின் மையம் மெக்சிகோ நகரிலிருந்து 350 கி.மீ.க்கு அப்பால், கடற்கரையில். நகரின் பாறைப் பகுதியில் சேதம் சொற்பம். பழைய ஏரிப் படுகையில் கட்டடங்கள் நொறுங்கின. கணக்கு எளிது: மென்களிமண்ணின் தடிமனை 4ஆல் பெருக்கி, அதில் குறுக்கலை (பக்கவாட்டில் அசைக்கும் நிலநடுக்க அலை) செல்லும் வேகத்தால் வகுத்தால் நிலம் ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம் வரும். 40 மீட்டர் களிமண், நொடிக்கு 80 மீட்டர் வேகம்: 2 நொடி. கட்டடம் ஆடும் நேரம், தோராயமாக மாடிக்கு 0.1 நொடி, விரிசல் விழ விழ அது நீளும். இரண்டு நேரமும் நெருங்கினால் ஆட்டம் பெருகும். அதனால்தான் 6 முதல் 15 மாடி வரை உள்ளவை அதிகம் விழுந்தன, குட்டையானவை பல தப்பின. எந்த மண்ணில் எத்தனை மாடி என்பது நிலவியல் கேள்விதான்.

வரைபடம் பற்றியும். 1815இல் இங்கிலாந்து, வேல்ஸுக்கு நிலவியல் வரைபடம் தந்த வில்லியம் ஸ்மித் கால்வாய் வெட்டும் பணிக்கான நில அளவையாளர். வெட்டும் இடமெல்லாம் அடுக்குகள் ஒரே வரிசையில் வருவதையும், ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கென்று புதைபடிவங்கள் இருப்பதையும் கவனித்தார். இந்தத் துறையின் அடித்தளமே இப்படிப்பட்ட நடைமுறை வேலைதான். உங்கள் பகுதி வரைபடத்தில் ஒரு நீளக் கோடும் அதன் நடுவில் ஒரு குட்டைக் கோடும் பக்கத்தில் எண்ணும் இருக்கும். குட்டைக் கோடு நீட்டும் திசையில் அடுக்கு சாய்கிறது, எண் எத்தனை பாகை என்று சொல்கிறது. @சரிவுநிலம் சொன்ன சீட்டுக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மனைக்குப் போகும் முன்பே அறியலாம்.

#14 | மண்மேடு

ஒரே ஒரு கேள்வி மிச்சம். சிறிய வீடு, பெரிய ஆய்வுக்கு வசதியில்லை. ஒரே நாளில் மனையில் என்ன செய்யலாம்?

#15 | கருங்கல்

முதலில் சுற்றிலும் 500 மீட்டர் நடந்து பாருங்கள். கிணறு, ஓடைக்கரை, சாலை வெட்டு, பக்கத்து மனையின் அஸ்திவாரக் குழி – எல்லாமே இலவச வெட்டுமுகங்கள். பிறகு மனையில் 2 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு குழிகள், எதிரெதிர் மூலைகளில். எந்திரத்தால் தோண்டச் சொல்லி மேலிருந்தே பாருங்கள். முட்டுக் கொடுக்காத குழி மார்பளவு ஆழத்தைத் தாண்டினால் யாரும் உள்ளே இறங்கவே கூடாது, ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். ஒவ்வோர் அரை மீட்டருக்கும் வாளியில் வரும் மண்ணைத் தனிப் பையில் போட்டு ஆழத்தை எழுதுங்கள். செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கரித்துண்டு தென்பட்டால் அது கொட்டி நிரப்பிய மண், அதன் அடி தெரியும் வரை தோண்டுங்கள். கறுத்து நாறும் மக்கு அடுக்கு இருந்தால் பொறியாளரை அழையுங்கள். வீட்டுக்கு வந்து டம்ளர் சோதனையும், கட்டியாக உருட்ட வரும் மண்ணுக்கு @தூண்_பீம் சொன்ன வீக்கச் சோதனையும் செய்யுங்கள்.

இரண்டு குழியிலும் அடுக்கு வேறு வேறாக இருந்தால் மூன்றாவது குழி அவசியம்.

#16 | தூண்_பீம்

அந்தக் குழிகளைத் தூண் வரும் இடத்தில் தோண்டாதீர்கள். திருப்பி மூடிய மண் என்ன இடித்தாலும் பழைய இறுக்கத்துக்கு வராது. கட்டடம் வரும் பரப்புக்கு வெளியே 2 மீட்டராவது தள்ளித் தோண்டி, மூடும்போது 20 செ.மீ. அடுக்கடுக்காக ஈரப்படுத்தி இடித்து, வரைபடத்தில் இடத்தைக் குறித்து வையுங்கள்.